அம்மாக்கண்ணுவின் கோப்பிப் பாடம்

தன்னை யாரென்று மாமியார் மறந்து போனதுதான் நிஷாந்திக்குப் புகுந்த வீட்டில் கிடைத்த முதல் நல்ல காரியம். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் அம்மாக்கண்ணுவோடு ஒரே அறைக் காம்பராவில் சில வருஷம் குடித்தனம் பண்ணிப் பார்க்க வேண்டும். அப்புறம் தாராளமாகச் சுளிக்கலாம்.

ராகலைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். யாருக்கு எந்த லயம் என்பதை வெள்ளைக்காரன் காலத்துக் கங்காணிகள் சாதி பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் போனான், கங்காணியும் போனான், பிரிப்பு மட்டும் குந்திக்கொண்டிருக்கிறது. திருவிழாவில் இரண்டு லயத்துக்காரர்களும் சேர்ந்துதான் தேர் இழுப்பார்கள். சங்கத்துக் கூட்டத்தில் சேர்ந்துதான் கை தூக்குவார்கள். ஆனால் மேல் லயத்து ஆள் கீழ் லயத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். காரணம் கேட்டால் தாகம் இல்லை என்பார். அவ்வளவு நாகரிகம் வளர்ந்திருக்கிறது.

மேல் லயத்து அம்மாக்கண்ணுவின் ஒரே மகன் பிரதாப், கீழ் லயத்து நிஷாந்தியை விரும்பி, வலப்பனைக்குக் கூட்டிப்போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். வந்த அன்றே அம்மாக்கண்ணு காம்பராவின் குறுக்கே ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டினாள். திரைக்கு அந்தப் பக்கம் அவளுக்குத் தனி அடுப்பு, தனிக் குடம். நிஷாந்தியின் கை தவறிப் பட்டுவிட்டால் குடத்துத் தண்ணீரை முழுவதுமாக வாசல் சாக்கடைக் கானில் கவிழ்த்துவிட்டு, மழையானாலும் பீலிக் குழாய்க்குப் போய் மறுபடி பிடித்து வருவாள். மருமகளின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. “ஏய், கீழ லயம்” என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது எல்லோர் முன்னிலையிலும்.

நிஷாந்தியின் முதல் கரு வயிற்றில் தங்கவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றபோது அம்மாக்கண்ணு சொன்னாள்: “நல்லதாப் போச்சு. கலப்பு நிக்கல.”

பிரதாப் பக்கத்தில்தான் நின்றான். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நாளில் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். வீட்டுச் சண்டையில் வாய் திறக்கத் தெரியாத ஆண்பிள்ளைகள் கொழும்புக்குப் போவது இந்த மலையில் வழக்கம்தான்.

பிறகு அம்மாக்கண்ணுவுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பில் வைத்த உலையை மறந்தாள். பீலிக்குப் போனவள் திரும்பி வரும் வழியை மறந்து, வேறு யார் வீட்டு வாசலிலோ குடத்தோடு நின்றாள். பிறகு திரை எதற்கென்று மறந்தாள். அதை அவிழ்த்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். தனியாக விடப் பயந்து நிஷாந்தி கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தினாள். ஒரு மழை நாளில் நிஷாந்தி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் மெதுவாக வந்து அவளை உரசிக்கொண்டு குந்தினாள்.

“எனக்கும் ஒன்னு குடுக்கிறியா தங்கம்? பசிக்குது.”

ஏதோ புது வகைச் சித்திரவதை என்றுதான் நிஷாந்தி முதலில் நினைத்தாள். ரொட்டியைப் பிய்த்து, சம்பல் வைத்து, தட்டை எட்டி நின்று தள்ளினாள். அம்மாக்கண்ணு தட்டைத் தொடவில்லை. நிஷாந்தியைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஊட்டச் சொல்கிறாள் என்று புரிய நேரம் பிடித்தது.

அதற்குப் பின் வந்த மாதங்களில் நிஷாந்தி சந்தோஷமாக இருந்தாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அது சந்தோஷமாகத் தெரிந்திருக்காது. கிழவிக்கு ஊட்டினாள், குளிப்பாட்டினாள், நனைத்த பாயை வெயிலில் போட்டாள். கிழவி அவளைத் தங்கம் என்றாள். அவள் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டே பின்னால் அலைந்தாள். அடுத்த காம்பரா வீரம்மா வாசலில் நின்று, “அம்மாக்கண்ணு இருந்த இருப்பென்ன, இப்ப யாரு கையில திங்கிறோம்னே தெரியாமப் போச்சே” என்று உச்சுக் கொட்டுவாள். நிஷாந்தி காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

தீபாவளிக்குப் பிரதாப் வந்தான். வாங்கி வந்த சேலையை அம்மாவின் மடியில் வைத்தான். அம்மாக்கண்ணு அவசரமாக எழுந்து நின்று கும்பிட்டாள்.

“கண்டாக்கையா, இன்னைக்கு எந்த மலைங்க?”

தோட்டத்துத் துரைமாருக்கு அடுத்தபடி கொழுந்து மலையில் அதிகாரம் பண்ணுகிறவர் கண்டாக்கு. பெற்ற மகனை அப்படி நினைத்துக்கொண்டாள். பிரதாப் கொல்லைப்புறம் போய் அழுதான். மனைவியை அம்மா ஏசும்போது வராத கண்ணீர் அன்று நிறைய வந்தது. அழுது முடித்ததும் போனை எடுத்தான். இந்தக் காலத்தில் அழுது முடித்தவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ ஒருவர் அதில் பேசிக்கொண்டிருந்தார்.

“இங்க பாரு. கோப்பி குடிச்சா மூள நரம்பு முழிக்குமாம்” என்றான் நிஷாந்தியிடம். “அது மட்டுமில்ல. ஒன்னைப் படிச்சி முடிச்ச கையோட குடிச்சா, படிச்சது அழியாம நிக்குமாம். வெள்ளனயே ஒரு கோப்பி குடு. அம்மா தெளிவா இருக்க நேரம் என் போட்டோவைக் காட்டி, இது பிரதாப், ஒங்க மகன்னு சொல்லு. சொல்லி முடிச்சி இன்னொரு கோப்பி குடு. நாளும் செய்யணும். விடக்கூடாது.”

“நீங்க பக்கத்துல இருந்து சொன்னா நல்லா ஞாபகம் வருமேங்க.”

“எனக்கு லீவு இல்லையே புள்ள.”

தேயிலைக்கு முந்தி இந்த மலை முழுக்கக் கோப்பிதான் என்பார்கள். இப்போது லயத்துக் கோடியில், மரக்கறித் தோட்டத்து வேலியோரம், பேருக்கு இரண்டு மூன்று மரம் நிற்கும். பழத்தைப் பறித்துத் தகரக் கூரையில் காயப்போட்டு, வறுத்து இடித்து, சளி தடிமன் பிடித்தால் கொத்தமல்லி சேர்த்துக் குடிப்பார்கள். மற்றபடி விடிந்தால் பொழுது போனால் தேத்தண்ணிதான். நிஷாந்தி வீரம்மாவிடம் கேட்டு வாங்கி வறுத்தாள். கறுப்பாக, திக்காக, சீனி தூக்கலாகப் போட்டுக் கொடுத்தாள். அம்மாக்கண்ணு சப்புக்கொட்டிக் குடித்தாள்.

கோப்பி வேலை செய்ததோ, விடிகாலை நேரம்தான் வேலை செய்ததோ, யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் போல ஆன பிறகு ஒரு காலையில் அம்மாக்கண்ணு தம்ளரும் கையுமாக அப்படியே நின்றாள். கண் மாறியது. அந்தக் கண்ணை நிஷாந்திக்கு நன்றாகத் தெரியும்.

“நீயா?”

“அத்த...”

“ஒன் கையிலயா நான் குடிச்சேன்?”

தம்ளர் நிஷாந்தியின் நெஞ்சில் வந்து விழுந்தது. கோப்பி சுட்டது. அம்மாக்கண்ணு அடுப்புச் சாம்பலை அள்ளி நாக்கில் தேய்த்தாள், ஓங்கரித்தாள், தேய்த்தாள். திரை எங்கே என்று கத்தினாள். கத்திக் களைத்துப் படுத்தாள். மத்தியானம் எழுந்து வந்து, சாம்பல் ஒட்டிய உதட்டோடு, “தங்கம், பசிக்குது” என்றாள்.

நிஷாந்தி இரண்டு நாள் கோப்பி போடவில்லை. பிரதாப் போனில் கேட்டபோது கொடுத்தேன் என்று பொய் சொன்னாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அந்த வீட்டில் இரண்டு பெண்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஆனால் இப்போது கிழவி தங்கம் என்று கூப்பிடும்போது நிஷாந்திக்கு உள்ளே எரிந்தது. யாரைக் கூப்பிடுகிறாள்? அப்படி ஒருத்தி கிடையாதே. சோறு ஊட்டுவது நிஷாந்தி, பீ மூத்திரம் அள்ளுவது நிஷாந்தி, கொஞ்சல் மட்டும் ஊர் பேர் தெரியாத யாருக்கோ போகிறது. அவளுக்கு அது போதவில்லை. தான் யாரென்று தெரிந்து, நன்றாகத் தெரிந்த பிறகும், அம்மாக்கண்ணு தன் கையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். ஒரே ஒரு மடக்கு. அதைப் பார்க்காமல் அவளால் இனி இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

அதனால் மறுபடி கோப்பி வறுத்தாள். கணவன் சொல்லிக் கொடுத்த முறையை அப்படியே வைத்துக்கொண்டாள். அவன் போட்டோவை மட்டும் அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

முதல் தம்ளர் முழிக்க வைப்பதற்கு. கண் மாறியதும் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்காருவாள்.

“அத்த, என்னையப் பாருங்க. நான் நிஷாந்தி. கீழ லயத்து நிஷாந்தி. ஒங்க மகன் பொண்டாட்டி. இத்தன மாசமா ஒங்களுக்குச் சோறு ஊட்டுனது இந்தக் கைதான். நீங்களாத்தான் வாயத் தொறந்தீங்க. இப்ப இந்தத் தண்ணிய வாங்கிக் குடிங்க. அவ்வளவுதான் நான் கேக்கிறது.”

அம்மாக்கண்ணு குடிக்கவில்லை. துப்பினாள், ஏசினாள், பிறகு சுவரோடு ஒண்டிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் எதற்கு அழுகிறோம் என்பதை மறந்து மூக்கைச் சிந்தினாள். அப்போது நிஷாந்தி இரண்டாவது தம்ளரைக் கொடுப்பாள், படித்தது மனசில் நிற்பதற்கு. கிழவி அதை வாங்கிச் சமர்த்தாகக் குடிப்பாள்.

மறுநாள் காலை எல்லாம் மறுபடி முதலில் இருந்து. நிஷாந்திக்கு அது பழகிப்போன பாடம். அம்மாக்கண்ணுவுக்கு ஒவ்வொரு காலையும் அதுதான் முதல் தடவை. தான் கெட்டுப்போன செய்தியை அவள் தினமும் புதிதாகக் கேட்டாள், தினமும் புதிதாக நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஒரு மனுஷிக்கு ஒருமுறை செத்த வீட்டுச் செய்தி சொல்வதே கஷ்டம். நிஷாந்தி அதையே காலை வேலையாக வைத்துக்கொண்டாள்.

நாள் போகப் போக மரியாதை தேய்ந்தது. “பாருங்க” என்பது “பாரு” ஆனது. தாடையைப் பிடித்துத் திருப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்ட வாயில் தம்ளரின் விளிம்பை வைத்து நெருக்கினாள். தண்ணீர் கழுத்தில் வழிந்ததே தவிர உள்ளே போகவில்லை.

“சோறு மட்டுமா? நீ பேண்டதக் கழுவுனது யாரு? ஒன் சீலையத் தொவச்சது யாரு? கீழ லயம்தான் கழுவிச்சி. ஒன் ஒடம்புல நான் தொடாத எடம் ஒன்னும் இல்ல, தெரிஞ்சிக்க!”

அம்மாக்கண்ணுவின் முகம் அன்று சுருங்கிப் போனது. அவள் ஏசவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள்.

“லயத்துல யார்கிட்டயும் சொல்லிறாதம்மா.”

அந்தக் கிழவி தன்னைக் கும்பிடுவாள் என்று நிஷாந்தி கனவிலும் நினைத்ததில்லை. இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது. நெத்திலிக் கருவாட்டைப் பொரித்து வைத்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். கும்பிட்டவள் நாளைக்குக் குடித்துவிடுவாள் என்று நம்பினாள். மறுநாள் அம்மாக்கண்ணுவுக்குக் கும்பிட்டதும் நினைவில்லை, கும்பிட்ட காரணமும் நினைவில்லை. மறுபடி துப்பினாள்.

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியபோது கோப்பி கொடுத்தும் கண் மாறாத நாட்கள் வந்தன. கீழ் லயம் என்றால் அம்மாக்கண்ணு ஒன்றும் புரியாமல் விழித்தாள். நிஷாந்தி என்றாலும் விழித்தாள். தன் பெயரைக் கேட்டபோது சிரித்தாள். பாடம் நடத்த அங்கே ஆள் இல்லை. நிஷாந்திக்கும் கை ஓய்ந்துவிட்டது. போதும், பழையபடி ஊட்டிக்கொண்டு கிடப்போம் என்று ஒரு மத்தியானம் ரொட்டியைப் பிய்த்துச் சம்பல் தொட்டு நீட்டினாள்.

அம்மாக்கண்ணு வாயை மூடிக்கொண்டாள்.

“என்ன அத்த, பசிக்கலையா?”

“பசிக்குது.”

“அப்ப வாயத் தொறங்க.”

கிழவி அவள் கையையே பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“ஏன் அத்த?”

“தெரியல. பயமா இருக்கு.”

இரவும் சாப்பிடவில்லை. மறுநாளும் அப்படியே. கோப்பி, தேத்தண்ணி, கஞ்சி, எதைக் கொண்டுபோனாலும் வாய் மூடியது. தட்டில் வைத்துவிட்டு விலகி நின்றாலும், வைத்தது இந்தக் கை என்று கண்டுவிட்டால் தொடுவதில்லை. நிஷாந்தி கெஞ்சினாள். தங்கம் வந்திருக்கேன் பாருங்க என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெயரும் அழிந்திருந்தது.

ஆட்கள் மலைக்குப் போயிருந்த நேரத்தில் நிஷாந்தியின் தங்கை கிருஷாந்தி கீழ் லயத்திலிருந்து கீரை கொண்டுவந்தாள். கிழவி கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, “என்னாக்கா, வாடிப் போய் கெடக்காங்களே” என்று நிஷாந்தி சுட்டு வைத்த ரொட்டியையே எடுத்து ஊட்டினாள். அம்மாக்கண்ணு ஆவென்று வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கிருஷாந்தியின் விரலைக்கூடச் சப்பினாள். தண்ணீர் கேட்டு, அவள் கையிலிருந்தே மடக் மடக்கென்று குடித்தாள். அதே கீழ் லயம், அதே வயிற்றில் பிறந்த பிள்ளை.

நிஷாந்திக்கு விளங்கிவிட்டது. கிழவிக்குச் சாதி நினைவில்லை, சண்டை நினைவில்லை, சாம்பலால் நாக்கைத் தேய்த்தது நினைவில்லை. எல்லாம் போய், ஒன்றே ஒன்று தங்கியிருக்கிறது. இந்த ஒருத்தியின் கை ஆகாது. தினமும் காலையில் கதவைச் சாத்தி, தாடையைப் பிடித்து, இரண்டாவது தம்ளர் கொடுத்து உட்கார வைத்த பாடம்.

தைப்பொங்கலுக்குப் பிரதாப் வந்தான். அவன் வருவதற்குள் லயம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. நிஷாந்தி சமைத்துக் கொடுப்பதை வீரம்மா வந்து தன் வீட்டுத் தட்டில் மாற்றி ஊட்டினால்தான் அம்மாக்கண்ணு தின்கிறாள் என்பதை எல்லோரும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்க வருகிற பெண்கள் கிழவியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. வாசலில் பொங்கல் இறக்கி வைத்த பிறகு பிரதாப்பிடமும் அதைச் சொன்னார்கள்.

“புத்தி போயும் சாதி போகல பாரு தம்பி” என்றாள் வீரம்மா. “பெத்த மகனத் தெரியல, தன் பேரு தெரியல. யாரு கையில திங்கணும், யாரு கையில திங்கக் கூடாதுன்னு மட்டும் கரெக்டாத் தெரியுது. அது வேற யாருக்கு வரும்?”

பிரதாப் தன் கையால் ஒரு பிடி பொங்கல் ஊட்டினான். அம்மா வாங்கிக்கொண்டாள். நிஷாந்தியைக் கூப்பிட்டு ஊட்டச் சொன்னான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அம்மாக்கண்ணு உதட்டை மடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். கூட்டத்தில் ஆகா என்று ஒரு சத்தம் எழுந்தது. பிரதாப்பின் முகம் ஒரு கணம் சங்கடப்பட்டது. உடனே மலர்ந்தும் விட்டது.

“பாத்தியா, கோப்பி வேல செஞ்சிருக்கு” என்றான் மனைவியிடம் மெதுவாக, அவளுக்கு நல்ல சேதி சொல்கிறவன் குரலில். “ஒன்னு ஞாபகம் வந்திருக்கில்ல? இனி ஒன்னொன்னா வந்துரும். என்னையும் தெரிஞ்சிக்குவாங்க. விட்றாத. நீ கோப்பியக் கலந்து வையி, வீரம்மாக்கா குடுக்கட்டும்.”

நிஷாந்திக்கு அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

“அது ஞாபகம் இல்லைங்க. அவங்களுக்கு எல்லாமே மறந்து போச்சி. சாதியும்தான் மறந்திச்சி. என் கையில எவ்வளவு ஆசையாத் தின்னாங்க தெரியுமா? நான்தான் நாளும் உக்கார வச்சி அதச் சொல்லிக் குடுத்தேன். நான்தாங்க படிச்சுக் குடுத்தேன்.”

வீரம்மா கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

“கேட்டீங்களா கதைய! இவ படிச்சுக் குடுத்தாளாம்! அதெல்லாம் படிச்சு வாறதாடி? ரத்தத்துல கெடக்குறது.”

எல்லோரும் சிரித்தார்கள். பிரதாப்பும் சிரித்தான். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்த அம்மாக்கண்ணுவுக்கும் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாயை நன்றாகத் திறந்து, பல் போன இடத்து ஈறு தெரிய, சின்னப் பிள்ளையாகச் சிரித்தாள். வாய் திறந்திருக்கிறதே என்று நிஷாந்தி ஓடிப்போய்ப் பொங்கலை நீட்டினாள். வாய் மூடிக்கொண்டது.